வியாழக்கிழமை மூன்று ஐம்பது

கதவைத் திறந்தான். ஏணி ஆடியது.

"யோவ்! கண்ணு தெரியலையா? மேல ஆள் நிக்குது!"

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தான். வாசலை அடைத்துச் சாய்த்திருந்த ஏணியின் உச்சியில் ஒருத்தி... தோளில் கேபிள் சுருள், இடுப்பில் ஸ்குரூ டிரைவர், மழைக்கு முந்திய வானமாய்க் கறுத்த கண்கள். இடி மட்டும் முன்னாலேயே விழுந்துவிட்டது.

"என் வீட்டுக் கதவைத் திறக்க உங்ககிட்ட கேட்கணுமா?"

"கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். விழுந்திருந்தா உங்க தலைமேலதான் விழுந்திருப்பேன்."

விழுந்திருக்கலாமே... என்று நினைத்தான்.

இணையக் கம்பெனியில் பழுது பார்ப்பவள் அவள். அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறார். அவள் நான்கு வருடமாக ஏணி தூக்குகிறாள். தெருவில் அவளுக்குப் பெயரே 'ஏணி'தான். இந்த மாதம் ஒழுங்காகக் கழிந்தால் வேலை நிரந்தரம். ஒரே வீட்டிலிருந்து மூன்று முறை புகார் திரும்பி வந்தால் அவ்வளவுதான், பழி பழுது பார்த்தவள் தலையில் விடியும்.

அவன் அச்சகத்துக்குப் பிழை திருத்துபவன். அக்காவோடு இருக்கிறான். பின்னறையில் வைஃபை எட்டவில்லை என்று அக்காதான் புகார் கொடுத்திருந்தாள்.

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ரூட்டரின் மெனுவில் எங்கும் இல்லாத ஒரு முகவரியைத் தட்டினாள். ஒளித்து வைத்த பக்கம் ஒன்று விரிந்தது. அலையின் பலம், சேனல், தானாக அணைந்து எழும் நேரம்... வீட்டுக்காரர்கள் தொடக் கூடாது என்று கம்பெனி மறைத்து வைத்தவை எல்லாம் அங்கே இருந்தன. பக்கத்தில் ஆள் இருக்கும்போது அதைத் திறக்கக் கூடாது என்பது விதி. அவன் தன் முகத்தைத்தான் பார்க்கிறான் என்று நினைத்தாள். அதுவும் பொய்யில்லை. ஆனால் தலைகீழ் எழுத்தையும் தப்ப விடாத கண் அது. முகவரி, கடவுச்சொல் இரண்டும் மனசில் அச்சேறிவிட்டன.

"முடிஞ்சுது. இனி என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது" என்றாள்.

அந்த வாக்கியத்தைத்தான் அவனுக்குத் திருத்தத் தோன்றியது.

அடுத்த வியாழக்கிழமை மூன்று ஐம்பதுக்கு வைஃபை நின்றது. உடனே கம்பெனிக்கு அவனே போனில் புகார் சொன்னான். வியாழன் அவளுக்கு அந்தத் தெருவில் முறை. நாலு மணிக்கு வந்தாள். அவள் பையைத் திறப்பதற்குள் வைஃபை தானாக எழுந்துகொண்டது.

"உங்களைப் பார்த்தாலே பயந்து வேலை செய்யுது" என்றான்.

"சில பேருக்கும் அந்தப் பயம் இருந்தா நல்லது, கண்ணாடி சார்."

அக்கா டீயோடு வந்தாள். "உக்காரும்மா. இவன் இன்னிக்குத்தான் தலை சீவியிருக்கான்."

"அக்கா!"

அதற்கடுத்த வியாழனும் அதே கதை. மூன்றாவது வியாழன் மழை. ஏணி சொட்டச் சொட்ட, இமையில் துளி நிற்க, அவள் வந்தாள். சிரிக்கவில்லை. நேராக அந்த ஒளிந்த பக்கத்தைத் திறந்தாள். அலைக்கான நேர அட்டவணையில் ஒரே ஒரு வரி. வியாழன். மூன்று ஐம்பதுக்கு அணை, நாலு ஐந்துக்கு எழு.

மெல்ல நிமிர்ந்தாள். அவன் காது சிவந்திருந்தது.

"நீங்களா?"

"உங்களைப் பார்க்கணும்னு..."

"இது மூணாவது புகார். மூணு வந்தா நிரந்தரம் கிடையாது. தெரியுமா?" குரல் உயரவில்லை, அதுதான் சுட்டது. "உங்களுக்கு விளையாட்டு சார். எனக்குச் சோறு. பார்க்கணும்னா ரோட்டுல நின்னு பார்த்திருக்கலாமே... நான் ஒளிஞ்சா வேலை பார்க்கிறேன்?"

மழையிலேயே இறங்கிப் போனாள். ஏணியைப் பிடிக்க அவன் கை நீட்டினான். அவள் தரவில்லை.

"தம்பி," என்றாள் அக்கா, "ஊர் எழுத்தெல்லாம் திருத்துறே. இதையும் போய்த் திருத்து."

மறுநாள் காலை கம்பெனி ஆபீஸ் திறந்தபோது முதல் ஆளாக நின்றான். மூன்று புகாரும் பொய், ஒளிந்த பக்கத்தை நானே கண்டுபிடித்து நானே மாற்றினேன், அவள்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ரூட்டர் பெட்டியில் கை வைத்தால் இணைப்பைத் துண்டிப்போம் என்றார் மேலாளர். "துண்டிங்க" என்றான். அச்சகத்துக்கு இனி தாள்களைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். போகட்டும்.

அடுத்த வியாழன். நாலு மணி. கதவு தட்டப்பட்டது.

ஏணி இல்லாமல் அவள் மட்டும்.

"பெட்டியைக் கழட்ட வந்தேன்."

நகர்ந்து வழி விட்டான். கழற்றினாள், வயரைச் சுருட்டினாள், பையில் போட்டாள். போகவில்லை.

"நானே கண்டுபிடிச்சேன்னு பொய் எழுதியிருக்கீங்க. உங்க முன்னாடி திறந்தது என் தப்பு. நானும் எழுதிக் கொடுத்துட்டேன்."

"ஐயோ... எதுக்குங்க?"

"உங்க பொய்யில எனக்கு வேலை நிக்க வேண்டாம். மூணு புகாரையும் அடிச்சிட்டாங்க. பக்கத்தைத் திறந்து காட்டினதுக்குத் தண்டனையா நாளையிலிருந்து ஒரு வாரம் வீட்ல உக்காரணும். அடுத்த மாசம் நிரந்தரம்."

அவனுக்கு மூச்சு வந்தது. அவள் நேராகப் பார்த்தாள். அதே கறுத்த கண்கள்... இன்று இடி இல்லை.

"இப்ப சொல்லுங்க. எதையும் ஒளிச்சு வைக்காம."

"உங்களைப் பிடிச்சிருக்கு. முதல் நாள் ஏணி ஆடினப்பவே..." குரல் நடுங்கவில்லை என்பது அவனுக்கே ஆச்சரியம். "கட்டிக்கணும்னு ஆசை."

"ம்... எனக்கும்தான். கோபத்துல மறந்துடலாம்னு பார்த்தேன். முடியல."

உள்ளே டீ டம்ளர் கீழே விழும் சத்தம். அக்கா ஒட்டுக் கேட்கிறாள்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள். "அடுத்த வியாழன் நாலு மணி. நான் வீட்லதான் இருப்பேன். எங்கப்பாதான் கதவைத் திறப்பார். மூட்டை தூக்குற கை, பார்த்துக்கோங்க."

"அவர்கிட்ட என்ன சொல்றது?"

வாசற்படியில் நின்று திரும்பினாள். முதல் முறையாக முழுசாகச் சிரித்தாள்.

"இப்ப சொன்னதைத்தான். ஒரு எழுத்துப் பிழையில்லாம."