நாலு விரல் உள்மடிப்பு

ஊசி நனைந்து வந்தது.

நீலாயதாட்சி காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு ஊசியைத் தொட்டுப் பார்த்தாள். மெஷின் எண்ணெய் இல்லை. எண்ணெய்க்கு இந்தச் சூடு ஏது? விரலை மூக்கருகே கொண்டுபோனாள். வேர்வை. ஆம்பிளை வேர்வை. அதுவும் நாள்பட்டது.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திருவேட்டக்குடியில் மீன் விற்கிறவர்களிலேயே நீலாவின் மூக்கு தனி ரகம். கூடையைத் திறக்காமலே உள்ளே இருப்பது முந்தாநாள் பிடித்த சங்கரா என்று சொல்லிவிடுவாள். அழுகின திருக்கை மீனை அறுத்துப் போட்டுவிட்டு, அதே கையோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டவள் என்று பக்கத்து ஊர் பூவம் வரைக்கும் பேச்சு. சோற்றுக்கு ஊற்றிக்கொண்டது வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு என்றுகூடச் சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரு துணியைப் பார்த்துக் குமட்டியது.

குமட்டினாலும் தைத்தாக வேண்டும். மூன்று வயது மகள் முத்தமிழுக்கு இளைப்பு. கார்த்திகை மழை பிடித்ததும் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். போன வருஷம் உதடெல்லாம் நீலம் பாரித்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள். "நெஞ்சுல குளிர் ஏறாமப் பாத்துக்கம்மா. இன்னொரு தடவை தாங்காது" என்றிருந்தார் டாக்டர். ஆனால் காரைக்காலில் குளிர் உடுப்பு கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்த்து ஊட்டிக்கு வழி சொல்லுவார். அதனால்தான் பரணிலிருந்து அந்தக் கோட்டை இறக்கினாள்.

கோட்டு வந்த கதை ஊருக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுனாமி அலை வந்து போனதும், எந்தெந்த ஊரிலிருந்தோ லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. கரைக்காரர்கள் தொடவில்லை. ரோட்டோரம் மலையாகக் கிடந்து, ஆடுகள் படுத்துக்கொண்டன. அந்தக் குவியலிலிருந்து நீலா எடுத்து வைத்த ஒன்றே ஒன்று இது. கனத்த சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. உடம்பு பெருத்த ஒருவர் போட்டது.

துணி வெட்டும்போதே எதிர்வீட்டு அமுதம் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி நீலா, பழைய தையலைப் பிரிக்காமலா வெட்டுறே?"

"பிரிச்சுக்கிட்டு உக்காந்தா பொங்கல் வந்துரும்க்கா. அதுவரைக்கும் புள்ள மூச்சு விட வேணாமா?"

"ஒரு தையல் பாக்கியில்லாமப் பிரிச்சிட்டுத்தான் புள்ளைக்கு வெட்டணும். நம்ம பக்கத்துல அதானே வழக்கம்? இல்லாட்டி, போட்டிருந்த ஆளு அதுலயே நிப்பாரு."

"நிக்கட்டும். இந்த மழையில பாவம், அவரு எங்க போவாரு?"

இருவரும் சிரித்தார்கள். அமுதம் போய்விட்டாள். பழைய லைனிங்கையும் அக்குள் தையலையும் பிரிக்காமல், கை நீளத்தையும் அடி நீளத்தையும் வெட்டி, சுற்றளவை நீலா குறைத்துக்கொண்டாள். கறுப்பு நூல் தீர்ந்திருந்ததால் சிவப்பு நூல். வளருகிற பிள்ளையாயிற்றே என்று இரண்டு பக்கமும் நாலு விரல் துணியை உள்ளே மடித்துவிட்டு அடித்தாள். ஒவ்வொரு தையல் முடிவிலும் மூன்று தரம் திருப்பி ஓட்டுவது அவள் பழக்கம். அவள் தையலை ஊரே அதை வைத்துத்தான் அடையாளம் சொல்லும்.

போட்ட அன்றைக்கே பூனைக்குட்டி அடங்கியது.

"ஏ புள்ள, மூச்சுச் சத்தமே கேக்கலையே!" என்று புருஷன் மாரிக்கண்ணு பதறி மகளின் மூக்கில் கைவைத்துப் பார்த்தான். சீரான, இதமான மூச்சு. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்து அசடு வழியச் சிரித்துக்கொண்டார்கள். மறுநாள் அவன் படகு இன்ஜினைப் பழுது பார்க்க நாகப்பட்டினம் புறப்பட்டான். "கோட்டைக் கழட்டிறாதே" என்று வாசலில் நின்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனான்.

வாடைதான் போகவில்லை. வெயில் இல்லாத அந்த நாட்களில், ஓட்டுச் சந்தில் சொட்டும் தண்ணீரும் அடுப்புப் புகையும் காயாத பாவாடைகளுமாக வீடே ஒரு ஈரக் கூடையாக இருந்தது. அத்தனை வாசனைகளுக்கும் அடியில் அது தனியாக ஓடியது: வெற்றிலை எச்சில், புளித்த பால், எத்தனையோ நாளாகப் படுக்கையிலேயே கிடந்த ஒரு கிழட்டு உடம்பின் மடிப்பு. இரண்டாம் நாள் பிள்ளையின் அக்குளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு எங்கே உப்புப் பூக்கும்? கோட்டைக் கழற்றி வாளியில் முக்கினாள். தண்ணீர் கஞ்சியாகத் திரண்டது. மேலே எண்ணெய் மிதந்தது. எண்ணெயில் நரைத்த, சுருண்ட, குட்டை மயிர்கள். நீலா கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

திரும்பி வருவதற்குள் முத்தமிழின் உதடு நீலம்.

என்ன செய்வாள்? ஈரத்தோடே போட்டுவிட்டாள். பிள்ளை மூச்சு விட்டது.

மூன்றாம் நாள் கை விரல்கள் கோட்டுக் கைக்குள்ளே மறைந்துபோயிருந்தன. இடுப்பில் கோட்டு தொளதொளவென்று தொங்கியது. நீலா புரட்டிப் பார்த்தாள். அவள் விட்ட உள்மடிப்பு தானாகப் பிரிந்திருந்தது. அறுந்து அல்ல. யாரோ பொறுமையாக, தையல் தையலாக உருவியதுபோல. பிரிந்த மடிப்பில் வெதுவெதுப்பு. விரலால் வழித்தாள். தேய்த்துக் குளிக்கையில் திரளுமே, அந்த அழுக்குத் திரி. அதனோடு மஞ்சளாக, தடியாக, பிறை பிறையாக நகத்துண்டுகள். பெரிய ஆளின் கால் நகம்.

சிவப்பு நூலைத் தேடினாள். பாயில் இல்லை. தரையில் இல்லை. ஒரு இழைகூட இல்லை.

"இறுக்குதும்மா" என்றது குழந்தை.

"தொளதொளன்னு கிடக்குதேடி தங்கம்?"

"உள்ள இறுக்குது."

அன்று மதியம் அமுதம் வந்தாள். வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்டி, வீட்டுல யாரு படுத்திருக்கா?"

"யாரும் இல்லையேக்கா."

அமுதம் உள்ளே வரவில்லை.

நீலா பிளேடை எடுத்தாள். பழைய தையல் அத்தனையும் பிரித்துவிடுவது. ஒன்றுகூட மிச்சம் வைக்காமல். அதுவரைக்கும் பிள்ளையை மடியில் போட்டு, தன் உடம்புச் சூட்டிலேயே வைத்துக்கொள்வது. முத்தமிழ் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. கூரையில் ஒரே சத்தம். பட்டன் ஒன்று. பட்டன் இரண்டு. துணி விரல்களில் பிசுபிசுத்தது. மூன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு விலக்கினாள்.

வரவில்லை.

இழுத்தாள். திருக்கைத் தோலை உரிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். வழுவழுவென்று, நனைந்து, மெல்ல, கோட்டு உடம்பை விட்டது.

கோட்டு காலியாகத்தான் இருந்தது. லைனிங் உலர்ந்துபோயிருந்தது. வாடைகூட அதில் இல்லை. முகர்ந்து பார்த்தாள். வெறும் துணி.

வாடை பாயிலிருந்து வந்தது.

மகள் மேல் குனிந்தாள். கழுத்து. கழுத்தில் வேர்வை. காதோரம். ஒரு நரை மயிர். முளைத்திருந்தது.

கையைத் தூக்கினாள்.

அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு மேடு. இந்தப் பக்கமும். அந்தப் பக்கமும். தொட்டாள். தோல். பிள்ளையின் தோல்தான். உள்ளே மடிந்திருந்தது. சீராக. அளந்ததுபோல.

நாலு விரல்.

ஓரத்தில் சிவப்பு நூல். நெருக்கமான தையல். முடிவில் மூன்று தரம் திருப்பி ஓட்டிய முடிச்சு.

முத்தமிழ் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். மூச்சு சீராக இருந்தது. உதடு சிவந்திருந்தது. நோய் நொடி இல்லாத பிள்ளை.

டிக்.

முதல் தையல் தானாக விட்டது. ரத்தம் இல்லை. மேடு ஒரு நெல்லளவு தளர்ந்தது. உள்ளே ஏதோ சாவகாசமாகப் புரண்டு படுத்தது.

டிக். டிக்.

"இப்ப இறுக்கலைம்மா" என்றது குழந்தை.