சோலைக்கிளிக்குப் பளபளப்பு ஆகாது

சித்திரை மாசத்தில் இப்படியும் ஒரு மழையா! இரும்புலியூர் மேம்பாலத்துக்கு அடியில் பைக்கும் ஸ்கூட்டியுமாக ஒரே நெரிசல். முகிலன் பிரேக் போட்ட வேகத்தில் பின்னால் கட்டியிருந்த சாக்கு அவிழ்ந்தது. ஒரு ஸ்டீல் பெட்டி உருண்டு போய் ஒரு பெண்ணின் காலடியில் நின்றது.

அவள் நிமிர்ந்தாள். அம்மாடி... என்ன கண்கள்! இமையில் மழைத்துளி தொங்க, மை லேசாகக் கரைந்து... முகிலனுக்கு 'ஸாரி' கூடச் சொல்ல வரவில்லை.

அவளுக்கோ பேச்சு நன்றாகவே வந்தது.

"ஐயய்யோ! இந்தப் பெட்டியை இப்படிப் பாலிஷ் பண்ணது யாரு?"

"நான்தான்!" பெருமை தாங்கவில்லை அவனுக்கு. "மூஞ்சி தெரியுது பாருங்க. திருமுடிவாக்கத்துல எங்க பட்டறை ஃபினிஷிங்க அடிச்சிக்க ஆளே கிடையாது. காட்டாங்குளத்தூர் காலேஜ் ஆர்டர், குடுக்கத்தான் போய்கினு கீறேன்."

"அந்த ஆர்டரே என்னோடதுதான்! போச்சு... எல்லாம் போச்சு!"

ஸ்ரீவித்யா அந்தக் கல்லூரியில் பறவை ஆராய்ச்சி மாணவி. மடமடவென்று கொட்டித் தீர்த்தாள். பழனிமலை உச்சிக் காடுகளில் சோலைக்கிளி என்று ஒரு பறவை. பேரில்தான் கிளி, ஆள் உள்ளங்கை அளவு நீலக் குருவி. அது இருக்கும் காட்டு வழியே ரோடு வரப்போகிறது. குருவி அங்கே குடும்பம் நடத்துவதை இந்த சீசனிலேயே பதிவு செய்து காட்டினால்தான் தடுக்க முடியும். அதற்கான ரெக்கார்டரை மரத்தில் வைக்கத்தான் இந்தப் பெட்டிகள்.

"இதுல தன் உருவத்தைப் பார்த்தா எதிரின்னு நினைச்சு முட்டி மோதும். கூட்டையே விட்டுடும். எனக்கு சாயங்காலம் பஸ்!"

"பெட்டி எதுக்குன்னு யாரு சொன்னாங்க? தூங்காம தேய்ச்சிருக்கேன்... வேணாம்னா வுடுங்க!" முகிலனுக்கு ரோஷம். பைக்கைத் திருப்பினான்.

'கெஞ்சணுமா நான்?' அவளுக்கும் ரோஷம்தான். ஆனால் அந்தக் குருவி... சட்டென்று தன் இயர்போனை நீட்டினாள். "இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க."

மெல்லிய சீழ்க்கை. குழந்தை விசிலடிக்கப் பழகுவது போல, தயங்கி, ஏறி, இறங்கி... முகிலன் இன்ஜினை அணைத்தான்.

"இந்தப் பூமியில இது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள்ல மட்டும்தான் இருக்கு," என்றாள்.

"உங்க ஸ்கூட்டிய எடுங்க. பட்டறைக்குப் போலாம்," என்றான்.

பட்டறையில் இருவரும் உப்புத்தாளும் பிரஷுமாக உட்கார்ந்தார்கள். அவன் தேய்க்க, அவள் பச்சைப் பெயின்ட் அடிக்க, அவள் மூக்கு நுனியிலும் ஒரு பச்சைத் தீற்றல். சொல்லலாமா வேண்டாமா... அழகாகத்தான் இருக்கிறது, இருக்கட்டுமே!

சாப்பிட்டு வந்த அப்பா ஜெயவேலு வாசலிலேயே அதிர்ந்து நின்றார். "இன்னாடா இது! போட்ட பாலிஷ தேய்ச்சிகினு கீறே? பட்டற பேரு இன்னாத்துக்கு ஆவறது?"

"குருவிக்குப் பளபளப்பு ஆவாதுப்பா."

அவர் மகனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி மகனைப் பார்த்தார். "ஏம்மா... டீ சொல்லட்டா?" என்றார்.

சாயங்காலம் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப். சாக்கை ஏற்றிவிட்ட பிறகும் முகிலன் நகரவில்லை.

"மரத்துல கிளாம்ப் போட நானும் வரட்டுங்களா? லீவு நாள்ல..."

"வரலாம்..." அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "ஆனா காட்டுல வாயே திறக்கக் கூடாது. ரெக்கார்டர் ஓடிட்டே இருக்கும். பேச்சு விழுந்தா பதிவே வேஸ்ட்."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட."

"அப்ப இங்கயே சொல்லிட்றேன்..." மூச்சை இழுத்துக்கொண்டான். "எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க. ரொம்ப!"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. ஐயோ, பதில்? முகிலன் கூடவே ஓடினான்.

ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள் ஸ்ரீவித்யா.

"எனக்கும்தான் முகிலன்!"