முத்திரை உடையாத பெட்டி

மனித குலம் மரணத்தை வென்றது செவ்வாய்க் கோளில்தான். குடியேற்றத்தின் நாற்பத்தோராம் ஆண்டில் வந்த உயிரூட்டிச் சட்டம் அதை எழுத்திலேயே உறுதி செய்தது. வீதிக்கு ஓர் உயிரூட்டி. அதை எவரும், எந்நேரமும், எவர் அனுமதியும் இன்றி எடுக்கலாம்.

ஆறாம் வீதியில் மட்டும் அதற்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் பூமிக்காரர்களின் இதயம் கொஞ்சம் சோம்பேறியாகிவிடும். திடீரென்று நின்றும் போகும். வாரத்துக்கு இரண்டு பேராவது தெருவில் செத்து விழுவார்கள். பக்கத்தில் போகிறவர் சுவரிலிருந்து உயிரூட்டியை இறக்கி, அதன் இரண்டு பட்டைகளை நெஞ்சில் ஒட்டினால் போதும். பெட்டியே துடிப்பைக் கணித்து, “தள்ளி நில்லுங்கள்” என்று சொல்லி மின்னதிர்ச்சி கொடுக்கும். செத்தவர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். தாமதத்துக்கு அதையெல்லாம் ஒரு காரணமாக எந்த அலுவலகமும் ஏற்பதில்லை.

ஆறாம் வீதிச் சங்கத்தின் செயலாளர் அங்கயற்கண்ணி அம்மாளுக்கு ஒரு கொள்கை உண்டு: நல்ல பொருளைக் கண்டவர் கையில் கொடுக்கக் கூடாது. ஆகவே உயிரூட்டிக்கு பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் பூப்போட்ட துணி, அதற்கும் மேல் கண்ணாடிப் பேழை. சாவி அவர் இடுப்பில். ஆறாம் வீதியில் செத்தவர்களை ஐந்தாம் வீதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே பிலோமினாவின் இட்லிக் கடை வாசலில், சட்னிக் கறையோடு ஒரு பெட்டி தொங்கும். மூளை தாங்குவது நான்கு நிமிடம். தூக்குகிறவர்களுக்கு ஓட்டம் பழகிவிட்டது.

இந்த ஏற்பாட்டுக்குத்தான் மூன்று ஆண்டுகளாகச் சிறந்த பராமரிப்புக் கேடயம். நான்காவது முறையும் வாங்கிவிட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை. அம்மாள் வீட்டு வரவேற்பறையிலேயே இருக்கும். ஒரே நிபந்தனை, பெட்டியின் முத்திரை உடையாதிருக்க வேண்டும்.

கேடயத்துக்காகச் சோதிக்க வந்த ஆய்வாளர் பூவராகன் பேழையைத் திறக்கச் சொல்லி, உருப்பெருக்கியால் முத்திரையைப் பார்த்து உருகிப்போனார்.

“பிரமாதம்மா! இன்னிக்குத்தான் பேக்டரியில இருந்து வந்த மாதிரி இருக்கு.”

“ஒரு கை படவிட்டதில்லீங்க சார்,” என்றபடி அம்மாள் மறுபடி பூட்டினார்.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த பூவராகன், அப்படியே சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது.

அம்மாளின் கணவர் துரைக்கண்ணு பதறினார். “சாவியக் குடுடி!”

“அவரு இன்னும் கையெழுத்துப் போடலீங்க.”

“ஆளே போயிட்டாருடி!”

“முத்திரை உடைஞ்சா கேடயமும் போயிடும். அஞ்சாம் வீதிப் பெட்டிய வாங்கிட்டு வாங்க. நின்னு பேசாம ஓடுங்க!”

ஒன்று சொல்ல வேண்டும்: ஓடிய கணவர் திரும்பும்வரை அம்மாள் சும்மா இருக்கவில்லை. முழங்காலிட்டு ஆய்வாளரின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். கண் மட்டும் பேழை மேல்.

பிலோமினா பெட்டியோடும் கடைக் கத்தரிக்கோலோடும் மூச்சிரைக்க வந்தாள். “என்னக்கா, உங்க பெட்டிக்குக் கீழயே கெடக்காரு. என்னைய ஓட விடுறீங்களே?”

“அது புதுசும்மா,” என்றார் அம்மாள்.

பிலோமினா ஆய்வாளரின் சட்டையையும் பனியனையும் சேர்த்து வெட்டிப் பட்டைகளை ஒட்டினாள். “தள்ளி நில்லுங்கள்” என்றது பெட்டி. பூவராகன் ஒருமுறை துள்ளினார். மூன்று நிமிடம் ஐம்பது நொடி ஆகியிருந்தது.

கண் திறந்தவர் முதலில் பேழையைப் பார்த்தார்; முத்திரை இருந்தது. பிறகு நெஞ்சின் மேலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

“இது எந்த வீதிப் பெட்டி?”

“அஞ்சாம் வீதி சார்,” என்றாள் பிலோமினா.

“இவ்வளவு கறையா? அதுவும் எல்லை தாண்டிக் கொண்டாந்திருக்கீங்க. விளக்கம் எழுதிக் குடுங்க.”

“தொடச்சுட்டே எழுதுறேன் சார். நீங்க மறுபடி விழுந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.”

பூவராகன் தரையில் கிடந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கேடயம் அம்மாளுக்கு நிரந்தரமாயிற்று. துரைக்கண்ணு அங்கேயே படம் எடுத்தார். அடுத்த வாரம் அரசு இதழின் முதல் பக்கத்தில் அது வந்தது.

படத்தில் ஆய்வாளரின் பனியனில் ஐந்து கிழிசல்கள் தெரிகின்றன. கத்தரிக்கோல் போட்டது ஒன்றுதான்; மற்ற நான்கும் சட்டைக்குள் மறைந்திருந்த பழசு.