பட்டினி கிடந்த தறி

காலையில் தறி அறையைப் பெருக்க வந்த புவனேஸ்வரியின் கண்ணில் முதலில் பட்டது அந்த ஒற்றை முடிதான். வெள்ளை முடி. தறியில் இழைகள் நுழைந்து போகிற விழுதுக் கயிறுகளுக்குப் பின்னால் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. லட்டுவின் முடி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சடை நாய் வளர்க்கிற வீட்டில் முடி எங்கேதான் இருக்காது? சாம்பாரில் இருக்கும், தலையணையில் இருக்கும், சாமி படத்து மாலையில்கூட இருக்கும். வாயால் ஊதினாள். போகவில்லை. விரலால் பிடித்து இழுத்தாள். வரவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தபோதுதான், அது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று தெரிந்தது. தறியில் மிச்சமிருந்த ஓர் அரக்கு நிற இழையின் நுனியோடு அந்த முடியை யாரோ முறுக்கிப் பிணைத்திருந்தார்கள்.

பிணைப்பு என்றால் என்னவென்று, வீட்டுக்கு வீடு தறி ஓடும் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் இழைகளை மொத்தமாக உருவிவிட மாட்டார்கள். விழுதுக்குப் பின்னால் முழ நீளத்துக்குத் தொங்க விட்டுவைப்பார்கள். அதற்கு வால் என்று பேர். அடுத்த பாவு வந்ததும் அதன் இழை ஒவ்வொன்றையும் வாலின் இழையோடு, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். வால் தொங்குகிறவரை தறிக்குச் சோறு வரப்போகிறது என்று அர்த்தம். தறி காலியாக இருக்கும்போது வாலில் கத்தரி படக்கூடாது என்பது அவள் கணவன் தினகரன் வீட்டு வழக்கம்.

அந்த வாலைத்தான் புவனேஸ்வரி தீபாவளிக்கு முன்னால் நறுக்கிவிட்டிருந்தாள்.

அவளைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஐப்பசி அடைமழை. தெருவில் பாவு நீட்டிக் கட்ட வெயில் வேண்டும், வெயில் எட்டிப்பார்த்து நாளாகிவிட்டது. தறி சும்மா கிடந்தது, இவள் கை சும்மா கிடக்கவில்லை. பட்டு நூல் வளையல் சுற்றுவாள், குஞ்சம் கட்டுவாள், கம்மல் செய்வாள். அரக்குப் பட்டு முழ நீளத்துக்கு வீணாகத் தொங்குவதைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. விரல் நீளம் மட்டும் விட்டு நறுக்கி, நாய்கள் இரண்டுக்கும் பின்னல் பட்டை செய்து கழுத்தில் கட்டிவிட்டாள். லட்டுவுக்கு அது அப்படிப் பொருந்தியது.

அவளுக்குப் பிள்ளை இல்லை. ஊர் அதை மறந்தாலும் அவளை மறக்க விடாது. கையளவு குட்டியாக அட்டைப்பெட்டியில் வந்த லட்டுவை, பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்து வளர்த்தாள். டைகர் தானாக வந்து ஒட்டிக்கொண்ட தெருநாய், சோறு போட்டால் போதும் அதற்கு. லட்டு அப்படியில்லை. லட்டுவுக்கு ஒன்று என்றால் தாங்க முடியாது என்று யாரிடமும் வெட்கப்படாமல் சொல்வாள்.

இப்போது அந்த ஒற்றை முடியைத் தொட்டுப் பார்த்தாள். தினகரன் வலப்பக்கம் முறுக்குவான், அவளும் வலப்பக்கம்தான். இந்தப் பிணைப்பு இடப்பக்கம் முறுக்கியிருந்தது. வீட்டில் அவளைத் தவிர ஆளும் இல்லை. தினகரன் தாமலில் சித்தப்பா சாவுக்குப் போய், ஏரி நிரம்பிக் கடைவாசல் வழிந்து ரோட்டை மூடியதால் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான். முடியைக் கத்தரியால் வெட்டி எறிந்தாள். கூடத்தில் படுத்திருந்த லட்டு ஒரு தடவை 'வீல்' என்று கத்தியது. ஏதோ கனவு என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று முழுக்க மழை. ஓட்டுச் சந்தில் தண்ணீர் இறங்கும் சத்தமும், கொல்லையில் தவளைகளின் சத்தமும், எங்கோ மிச்சப் பட்டாசை ஈரத்தில் கொளுத்திப் பார்க்கிறவர்களின் புஸ்ஸென்ற சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. தறி அறையிலிருந்து ஒரு வாடை வந்தது. பட்டு நனைந்தால் வருகிற வாடை, புழுவை வேகவைத்தால் வருமே, அது. அறையில் நனையப் பட்டே இல்லை. டைகர் அந்த வாசலில் போய் நின்றுகொண்டு, உள்ளே தறிக்குழியைப் பார்த்து உறுமியது. பிஸ்கட் போட்டாள். அது திரும்பவில்லை. உள்ளே 'கடக்' என்றது. நெய்த துணியைச் சுற்றுகிற உருளைக்குப் படமரம் என்று பேர். அது ஒரு பல் திரும்பினால் வருகிற சத்தம் அது. ஆள் திருப்பாமல் படமரம் திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

மறுநாள் காலை லட்டுவின் முதுகில் ஒரு கோடு மொட்டையாக இருந்தது. ரத்தம் இல்லை, கீறல் இல்லை. கழுத்திலிருந்து வால்வரை, வகிடு எடுத்ததுபோல. அவளுக்கு எதிர்வீட்டுத் தில்லையம்மாள் மேல்தான் சந்தேகம் போயிற்று. நாய் குரைக்கிறது என்று நாலு தடவை சண்டைக்கு வந்தவள் அவள்தான். லட்டுவைத் தூக்கிக்கொண்டு மழையில் தெருவைக் கடந்தாள்.

"என் நாயை யாருங்க மழிச்சது? வாயில்லாத ஜீவன் மேல என்னா கோவம்?"

தில்லையம்மாள் வாசல்படியைவிட்டு இறங்கவில்லை. "போம்மா, வேலை வெட்டி இல்லாம உன் நாயை மழிச்சிக்கினு இருக்கறனா நானு?" என்றாள். பிறகு நாயின் கழுத்தைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றது. "இது இன்னா நூலு?"

"பட்டு."

"அது தெரியுது. எந்தப் பட்டு? பாவு வாலுதான இது?"

புவனேஸ்வரி பட்டையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"தறியைப் பட்டினி போட்டுட்டு நாய்க்கு மாலை கட்டிக்கிறியா நீ? நல்லா இருக்குது. பசி எடுத்தா அது இன்னாத்தப் பாக்கும், ஆடா மாடா நாயான்னா பாக்கும்? என் வாசல்ல நிக்காத, போ."

கதவு முகத்தில் அறைந்த மாதிரி சாத்திக்கொண்டது. தெருவில் இன்னும் ரெண்டு ஜன்னல்கள் மூடுகிற சத்தம் கேட்டது. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

வீட்டுக்கு வந்து தறி அறையின் தாழைத் திறந்தாள். விழுதுக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை முடி. வரிசையாக. ஒவ்வோர் இழை நுனியிலும் ஒன்று. எல்லாம் இடப்பக்க முறுக்கு. தினகரனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, எப்ப வருவீங்க?"

"தண்ணி வடியணுமே புவனா. பஸ்ஸே இல்ல. நாளைக்குப் பாக்கலாம். பாவு வெயிலு வந்தா ரெடி ஆயிடும்னாங்க. வாலு பத்திரமா இருக்குது இல்ல?"

"இருக்குது" என்றாள். ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. போனை வைத்ததும் அழுகை வந்தது.

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆச்சு என்று தோன்றியது. பட்டைகளின் முடிச்சு அவிழவில்லை, அவள் போட்ட முடிச்சே அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. கத்தரியால் வெட்டி எடுத்தாள். விடுபட்ட அடுத்த நொடி டைகர் கேட்டைத் தாண்டி ஓடியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பட்டைகளையும் தறிமேல் வைத்து, விழுந்து கும்பிட்டு, "தெரியாம செஞ்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தாழ் போட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போயிற்று. சாமி மாடத்தில் அகலை ஏற்றிவிட்டுத் திரும்பினாள். கூடத்தில் லட்டு இல்லை.

"லட்டு?"

கட்டிலுக்கு அடியில் இல்லை. அடுப்படியில் இல்லை. கொல்லைக் கதவு சாத்தித்தான் இருந்தது. பாயில் அது படுத்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. "தோ... தோ..." என்று கூப்பிட்டாள். பதிலுக்குத் தறி அறையில் சத்தம் கேட்டது.

கடக்.

அகலைக் கையில் எடுத்தாள். அறைக் கதவு அவள் போட்ட தாழோடு அப்படியே இருந்தது. திறந்தாள். புழு வாடை முகத்தில் அடித்தது. தறியின் முன்பக்கம், நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காருகிற குழியில், ஒருவரும் இல்லை. ஆனால் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓடிக்கொண்டிருந்தது. சர்ரென்று இந்தப் பக்கம். சர்ரென்று அந்தப் பக்கம். அச்சுப் பலகை வந்து இடித்தது. டக்.

தறியின் பின்பக்கம் லட்டு உட்கார்ந்திருந்தது.

உயிரோடுதான் இருந்தது. நிமிர்ந்து, ஆடாமல், கட்டிவைத்ததுபோல. அதன் முதுகு முடி, கழுத்து முடி, காது முடி எல்லாம் விறைத்து நீண்டு, ஒவ்வொன்றாகப் பிரிந்து, தறியின் அகலத்துக்கு விரிந்து விழுதுக்குள் போயிருந்தன. தோல் அங்கங்கே கூடாரம்போல எழும்பி நின்றது. அது குரைக்கவில்லை. அவளைப் பார்த்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"என் கண்ணு. அம்மா வந்துட்டேன். இரு. இரு."

அகலைக் கீழே வைத்துவிட்டு, கத்தரியை எடுத்து ஒரு முடியை வெட்டினாள். லட்டு அலறியது. வெட்டுப்பட்ட நுனியில் ரத்தம் முத்தாக நின்றது. கத்தரி கையிலிருந்து விழுந்தது.

வெட்டக்கூடாது. அவிழ்க்கணும்.

ஓடிப்போய் மாடத்து விபூதியில் விரலைத் தொட்டுக்கொண்டு வந்தாள். இடப்பக்கம் முறுக்கியதை வலப்பக்கம் முறுக்கினால் அவிழும். ஒன்று அவிழ்ந்தது. முடி சுருண்டு லட்டுவின் முதுகுக்குத் திரும்பியது. அரக்கு இழை நுனி வெறுமையாக நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். லட்டுவின் காதோரத்திலிருந்து இன்னொரு முடி தானாக எழும்பி வந்தது. நுனிகள் தொட்டன. அவள் கண் முன்னால் முறுக்கிக்கொண்டன. யார் விரலும் இல்லை.

காலியாக விட்டால் எடுத்துக்கொள்கிறது.

வளையல் டப்பாவிலிருந்து பட்டு நூலை உருவி வந்து பிணைத்தாள். நழுவி விழுந்தது. நாய்ப் பட்டைகளைப் பிரித்து, தறியின் சொந்த வாலையே பிணைத்துப் பார்த்தாள். அதுவும் விழுந்தது. பட்டு வேண்டாமாம் அதற்கு. ருசி கண்ட பூனை.

நாடா ஓடியது. டக். கடக். லட்டு ஒரு விரல் தூரம் விழுதை நோக்கி இழுபட்டது. அதன் நகங்கள் தரையில் கீறின.

புவனேஸ்வரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துபோயிற்று. தெரிந்ததும் பயம் வந்தது. இருந்தாலும் கை பின்னலுக்குப் போய்விட்டது. அவிழ்த்தாள். இடுப்பு வரைக்கும் முடி, கறுப்பாக, இன்னும் நரை தட்டாத முடி. முன்பக்கம் சரித்து விட்டு, ஒரு முடியைப் பிரித்தாள். லட்டுவின் முடியை அவிழ்த்த அதே மூச்சில் தன்னுடையதை வைத்து முறுக்கினாள்.

பிடித்துக்கொண்டது.

அடுத்தது. பிடித்துக்கொண்டது. அடுத்தது. பிறந்த வீட்டில் பாவு பிணைக்க உட்கார்ந்த கை அது. வேகம் கூடியது. ஒன்று அவிழ்த்தாள், ஒன்று கொடுத்தாள். லட்டுவின் தோல் இறங்கியது. காது விடுபட்டது. கழுத்து விடுபட்டது. அவள் தலை குனிந்துகொண்டே போனது. நிமிர்த்திப் பார்த்தாள். முடியவில்லை. உச்சந்தலை எரிந்தது. போகட்டும். இன்னும் கொஞ்சம்தான். "இதோ ஆச்சுடா கண்ணு." அவிழ்த்தாள். கொடுத்தாள்.

கடைசி முடி விடுபட்டது. லட்டு துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடியது. அங்கே நின்று திரும்பி அவளைப் பார்த்தது. வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு, பல்லைக் காட்டி, அந்நியரைப் பார்த்துக் குரைப்பதுபோல அவளைப் பார்த்துக் குரைத்தது. பிறகு அதன் நகச் சத்தம் கூடத்தைக் கடந்து, மழைக்குள் போய் மறைந்தது.

பிழைத்துவிட்டது. அது போதும் என்று நினைத்தாள். ஒரு மூச்சு நேரம் அது போதுமாகத்தான் இருந்தது.

கடக்.

முகம் விழுதில் போய் இடித்தது. கைகளை ஊன்றித் தள்ளினாள். அசையவில்லை. விழுதுக் கயிறுகளின் இடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் அந்தப் பக்கம் பார்க்க மட்டும் முடிந்தது. ஆளில்லாத குழி. போய் வந்துகொண்டிருக்கும் நாடா. அகல் வெளிச்சத்தில், அவசரமே இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்த படமரம். அதில் சுருண்டிருந்த துணியில் வெள்ளை முடிந்து, கறுப்பு தொடங்கியிருந்தது.