கடைசிக் கரண்டி

தொலைபேசி அலறியது.

காலை எட்டரை மணி. மருந்துத் தொழிற்சாலையின் கலவைக்கூடத்தில் நின்றிருந்த கெமிஸ்ட் எடுத்தாள்.

மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அவளுடைய தங்கை. மூச்சுவிடாமல் பேசினாள்.

“அக்கா... உங்க கம்பெனி சிரப்புதான். புட்டியில கடைசிக் கரண்டி. குடுத்த அரை மணியில பேஷன்ட் போயிட்டார். நான் அளவு தப்பாக் குடுத்தேன்னு போலீஸ் வந்திருக்கு.”

“குலுக்கினியா?”

“கை வலிக்கிற வரைக்கும்.”

அக்காளுக்கு விளங்கிவிட்டது!

அது நீரில் கரையாத மருந்து. பொடியாக மிதந்தாக வேண்டும். பொடியை நீரோடு இணங்கச் செய்யும் பொருள், அந்தச் சிரப்பைக் கலந்த நாளில் கையிருப்பில் இல்லை. அதை விட்டுவிட்டே கலக்கச் சொன்னார் முதலாளி. அவள் தடுத்தாள். அவர் கேட்கவில்லை. கலந்த கையோடு தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து, ‘சீராக உள்ளது’ என்று முத்திரை குத்தச் செய்தார்.

மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற புட்டியை எவரும் சோதிக்கவில்லை.

அதற்குள் பொடி அடியில் அடையாக இறுகியிருந்தது. மேலே வெறும் இனிப்புநீர். அடியில் எமன்... குலுக்கியபோது பெயர்ந்த ஒரு கட்டி, கடைசிக் கரண்டியில் விழுந்துவிட்டது.

மறுநாள் ஆய்வகத்திற்கு முதலாளியோடு போலீஸ் இன்ஸ்பெக்டரும் வந்தார். மேஜைமேல் அந்தப் புட்டி. புகார் வந்த புட்டியைக் கம்பெனியே சோதனைக்கு வாங்கி வருவது வழக்கம். பழுப்புக் கண்ணாடி. உள்ளே... ஒன்றுமில்லை.

பணியாளர்கள் தெரியாமல் கழுவிவிட்டார்களென்று முதலாளி வருத்தப்பட்டார். பிறகு ஒரு தாளை அவள்பக்கம் நகர்த்தினார். மருந்தில் குறையில்லை, நர்ஸே கூடுதலாகக் கொடுத்தாள் என்றது தாள்.

“கையெழுத்துப் போடும்மா. இல்லேன்னா நாளையிலேர்ந்து வர வேணாம்.”

“போட மாட்டேன்.”

“கழுவின புட்டியை வெச்சு என்னத்தை நிரூபிப்பே?”

அவள் புட்டிக்குள் ஸ்பிரிட்டை ஊற்றினாள். நிதானமாகச் சுழற்றினாள். கண்ணாடிக் குவளையில் கவிழ்த்தாள்.

மஞ்சள்... மருந்தின் அதே மஞ்சள்!

மருந்தின் அளவு காட்டும் கருவியில் வைத்தாள். எண் வந்தது. இன்ஸ்பெக்டருக்கு விளக்கினாள்: காலிப் புட்டியின் அடியில் பதினோரு வேளை மருந்து இன்னும் ஒட்டியிருந்தது; சரியாகக் கலந்த மருந்தானால் இப்படி அடியில் இறுகாது, கட்டியாகக் கரண்டியில் விழாது. தவறு நர்ஸின் கரண்டியில் இல்லை.

முதலாளிக்கு வியர்த்தது. வாய் தவறியது.

“நாலு தடவை கழுவச் சொன்னேனே...”

“ஓ, சொன்னது நீங்கதானா?” என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

கெமிஸ்ட் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தாள்.

“தண்ணியில கழுவினீங்க. அது தண்ணியில கரையலேன்னுதானே சார், ஏழு வருஷமா எனக்குச் சம்பளம் குடுத்தீங்க?”