குழந்தை விழிக்கவில்லை

காலை ஏழு மணி. ஒர்க்‌ஷாப் சுவருக்கும் காருக்கும் நடுவே கால்கள் நசுங்கிக் கிடந்தார் முதலாளி. ஆம்புலன்ஸ் வந்தது. மெக்கானிக் உட்பட எல்லோரும் பின்னால் ஓடினார்கள். காரில் உட்கார்ந்திருந்த முதலாளியின் தம்பி மட்டும் போகவில்லை.

விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டரிடம் அவன் சொன்னது இவ்வளவுதான். வண்டி முதல் கியரில் நின்றது. கிளட்ச்சை முழுதாக மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான், வண்டி பாய்ந்துவிட்டது. நேற்று கிளட்ச் மாற்றியது மெக்கானிக்.

கிளட்ச் கேபிளின் நட்டு தளர்ந்துதான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த மெக்கானிக் நட்டைத் தொட்டுப் பார்த்தார். "நான் டைட் பண்ணேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இதற்காக ஜெயிலுக்குப் போய் வந்தால், இனி அவரை நம்பி யார் வண்டியை விடுவார்கள்?

இன்ஸ்பெக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவரை ஒட்டிய தையல் கடையில், குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண்.

பல் முளைக்கிற குழந்தை இரவெல்லாம் தூங்கவில்லையாம். எஞ்சின் சத்தம் கேட்டால் கண் அசருமாம். அதனால் இன்று காலை காரைக் கொஞ்ச நேரம் அணைக்காமல் வைக்கச் சொல்லி முதலாளியின் தம்பியிடம் கேட்டிருக்கிறாள். "பாவம், நல்ல மனசு. ஓட விட்டு வச்சிருந்தாரு, எஞ்சின் சத்தம் நடுவுல நிக்கவே இல்லை. முதலாளி அலறினப்பதான் இவன் முழிச்சான். இல்லேன்னா ஸ்பேனர் விழுந்தாலே ஊரைக் கூட்டிடுவான்."

இன்ஸ்பெக்டர் தம்பியிடம் திரும்பினார்.

"எஞ்சின் முன்னாடியே ஓடிட்டு இருந்துச்சு. அப்படித்தானே?"

"ஓடினா என்ன மேடம்? கிளட்ச்தான் வேலை செய்யலையே."

"மிதிச்சா கேபிள் ஃபோர்க்கை இழுக்கும். ஃபோர்க் பேரிங்கைத் தள்ளும். பேரிங் பிரஷர் பிளேட் ஸ்பிரிங்கை அமுக்கும். அப்பதான் பிளேட் பிடியை விடும், டிஸ்க் தனியாகும், எஞ்சின் சக்கரத்தை விட்டுப் பிரியும். கேபிள் லூசா இருந்தா அது எதுவும் நடக்காது. அந்த நிலைமையில, ஓடற எஞ்சின்ல கியர் போட்டா பல்லோட பல்லு உரசித் தெருவே முழிச்சிக்கும். குழந்தை முழிக்கலையே தம்பி. கியர் விழுந்தப்ப கிளட்ச் சரியா இருந்துச்சு. நட்டைக் கழட்டினது அதுக்கப்புறம். எல்லாரும் ஆம்புலன்ஸ் பின்னால ஓடினப்ப இங்க நின்னது நீ ஒருத்தன்தான்."

தம்பி ஒப்புக்கொண்டான். வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டாராம் அண்ணன். அவர் காருக்கு முன்னால் நின்றபோது, ஆத்திரத்தில் கியரைப் போட்டுக் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டான். முன்பின் தெரியாத குழந்தைக்கு இரங்கிய மனம் கூடப்பிறந்தவருக்கு இரங்கவில்லை. ஆனாலும் அந்த இரக்கம்தான் ஒரு நிரபராதியைக் காப்பாற்றியது. கடவுள் சிறிய நன்மையைக்கூட வீணாக விடுவதில்லை.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி. முதலாளிக்கு நினைவு திரும்பிவிட்டது. இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு, தம்பியிடம் அப்படியே சொன்னார்.

"கண்ணு திறந்ததும் கேட்டாராம், தம்பிக்கு அடி எதுவும் படலையேன்னு."

அவன் தரையில் சரிந்து உட்கார்ந்தான். மெக்கானிக்தான் குனிந்து, அவன் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.