சுழியத்துக்குத் திசை இல்லை

கோகிலவாணியின் மணிக்கட்டில் இருந்த தவிப்புமானி காலையிலிருந்து சுழியத்திலேயே நின்றது. பட்டைதான் பழுதோ என்று முதலில் சந்தேகப்பட்டாள். தட்டிப் பார்த்தாள், கழற்றி மாட்டினாள், சாயப்பட்டறை ஆய்வுக்கூடத்துக் குழாயில் கையைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தாள். சுழியமேதான்! பதினொரு வருடம் பிராந்திக்கு ஆலாய்ப் பறந்த உடம்பு, குடியை விட்டு ஒரு வருடம் நிறைகிற அன்றைக்கு, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்கிறது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இதைக் கூட்டத்தில் சொல்லியாக வேண்டும், இன்றே சொல்லியாக வேண்டும்! அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பூர்த் தெருவில் இறங்கினாள்.

முன்காலத்தில் குடியை விட்டவர்கள் கூடுவதற்கு விலாசம் தேடிப் போவார்களாம். இன்ன கிழமை, இன்ன மண்டபம், இன்ன மாடி. தவிப்புமானி வந்ததும் அந்தத் தொல்லையெல்லாம் ஒழிந்தது. குடித்துப் பழகிய எல்லார் கையிலும் இப்போது அது உண்டு. தோல் வழியாக ரத்தத்தையும் நரம்பையும் படித்து, குடி ஆசைக்குச் சுழியம் முதல் பத்து வரை எண் போடும். கிட்டத்தட்ட அதே எண்ணில் அருகே யார் தவிக்கிறார்களோ, அவர்கள் பக்கம் முள் திரும்பும். பேக்கரி வாசலோ பேருந்து நிறுத்தமோ, நாலு முள் சேர்ந்தால் அதுதான் கூட்டம். யாரும் பேர் கேட்பதில்லை, போன் நம்பர் வாங்குவதில்லை. முள் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? அப்படி முகம் தெரியாத எத்தனையோ பேர்தான் அவளை ஒரு வருடம் தாங்கிப் பிடித்தார்கள்.

இன்றைக்கோ முள் அசைய மாட்டேன் என்றது. பழைய பஸ் நிலையம் போனாள், ரயிலடி போனாள், போன மாதம் ஒன்பது பேர் கூடி அழுது சிரித்த பேக்கரிக்கும் போனாள். ஒரு ஆள் இல்லை. தவிப்பே இல்லாதவளை யாரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பாவம் அந்தக் கருவிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அடச்சே, இப்படி ஒரு சந்தோஷம் வந்த நாளில் கேட்க ஆள் இல்லையே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த லாரி ஓட்டுநரைப் பார்த்தாள். காக்கிச் சட்டை, ஐம்பது வயதிருக்கும். கண் மணிக்கட்டில் இருக்க, கால் மட்டும் வேகவேகமாக நடந்தது. முள்ளைத் தொடர்ந்து போகிறவர் நடையை அவளுக்கா தெரியாது! கூட்டத்துக்குத்தான் போகிறார்! அவளுக்குக் குதிக்கலாம் போலிருந்தது. செருப்பு வார் அறுந்ததைக்கூடப் பார்க்காமல் பின்னாலேயே ஓடினாள்.

இரண்டு சந்து, ஒரு பாலம், ஒரு திருப்பம். முள் அவரை நேரே மதுக்கடை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது.

கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்; எல்லார் பட்டையிலும் ஒன்பது, பத்து. தேறியவர்கள் ஒவ்வொருவராகச் சுழியமாகி முள்ளுக்கு மறைந்துபோக, மிச்சம் இருந்தவர்கள் இங்கேதான் நின்றார்கள். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

"ஏனுங்ணா! கூட்டத்துக்குத்தானுங்க வந்தீங்க? இது கூட்டமில்லீங்க, வெளிய வாங்க."

"முள்ளு இங்கதானுங்க காட்டுது." அவர் பட்டையைத் தூக்கிக் காட்டினார். "ஆறு நாளாத் தொடலீங்க அம்மிணி. இன்னைக்கு முடியல. பேசறதுக்கு ஆளிருக்கும்னு வந்தேன்."

"எங்கிட்டப் பேசுங்க. நானும் குடிச்சவதான். இன்னைக்கோட ஒரு வருசமாச்சுங்ணா!"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பட்டையைப் பார்த்தார். "ஜீரோ காட்டுது. எம்பாடு உங்களுக்கு என்னங்க தெரியும்? முள்ளு உங்களக் காட்டலீங்களே."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு வருடத்துக்கு முன் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். வரிசை நகர்ந்தது. அவருக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்தான்.

கோகிலவாணி சட்டென்று வரிசைக்குள் புகுந்து அவர் பக்கத்தில் நின்றாள். முன்னால் வாங்கியவன் அங்கேயே மூடியைத் திருகினான். அந்த வாசனை! ஒரு வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிப்போன வாசனையை இன்று வேண்டுமென்றே நெஞ்சு நிறைய இழுத்தாள். நாக்கடியில் நீர் ஊறியது. சுழியம் ஒன்றானது. மூன்று. ஐந்து. பயமாக இருந்தாலும் மனசு, 'ஏறு, ஏறு!' என்று கத்தியது. ஏழு. எட்டு.

ஒன்பது வந்ததும் ஓட்டுநரின் முள் துள்ளித் திரும்பி அவள் பக்கம் நின்றது.

அவர் அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "அய்யய்யோ, நல்லா இருந்தீங்களே அம்மிணி! எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?"

அவள் கண் கடைச் சன்னலிலேயே ஒட்டிக்கொண்டது. கால் தானாக ஓர் அடி முன்னே வைத்தது.

"கையப் புடிங்கண்ணா," என்றாள். "இப்ப எனக்குத்தான் கூட்டம் வேணும்."

ஆறு நாள் ஆனவர், ஒரு வருடம் ஆனவளின் கையை இறுகப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தார். "நடங்க அம்மிணி, நடங்க, திரும்பிப் பாக்காதீங்க," என்று பாலம் வரைக்கும் அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.